மோட்டார் வண்டியின் மூட்டு

மனித உடலில் எலும்புகள் எவ்வளவு உறுதியாக இருப்பினும், அவற்றை இணைக்கும் மூட்டுகள் தேய்ந்துவிட்டால் நடை தளர்ந்துவிடுகிறது. மோட்டார் வண்டியின் நிலையும் இதுவே. எஞ்சினில் பல குதிரைகளின் ஆற்றல் பிறக்கலாம். ஆயினும் அவ்வாற்றல் சக்கரத்தைச் சென்றடையும் வழியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மூட்டு தளர்ந்துபோனால், அத்தனை ஆற்றலும் பயனற்றுப் போவதோடு சில வேளைகளில் பகையாகவும் மாறிவிடுகிறது. அந்த மூட்டினைப் பட்டறைகளில் யுனிவர்சல் ஜாயின்ட் என்றும், அதன் நடுவே அமைந்த உறுப்பைக் கிராஸ் என்றும் வழங்குவர். அஃது ஏன் தேவைப்படுகிறது, எவ்வாறு தேய்கிறது, தேய்ந்ததை எப்படிக் கண்டறிவது, வீட்டிலேயே அதனை எவ்வாறு மாற்றுவது என்பவற்றை இங்குக் காண்போம். கையால் செய்யும் இவ்வேலைக்கும், வகுப்பறையில் கற்கும் கணக்கிற்கும் உள்ள உறவு இடையிடையே தானே விளங்கும்.

ஜீப், லாரி, பேருந்து ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றிலும், 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரிலும், எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டு செல்வது ஒரு நீண்ட இரும்புக் குழல். புரொப்பெல்லர் ஷாப்ட் எனப்படும் அதனைச் சுழல்தண்டு என்று கொள்வோம். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. பின் அச்சோ வில்தகடுகளின் மீது அமைந்தது. சாலையின் ஒவ்வொரு பள்ளத்திற்கும் மேட்டிற்கும் ஏற்ப எழுந்தும் தாழ்ந்தும் அசைவது. அசையாத ஓரிடத்தையும் ஓயாது அசையும் ஓரிடத்தையும் வளையாத தண்டினால் இணைத்தால், முதற் பள்ளத்திலேயே தண்டு முறியும். அல்லது கியர்ப் பெட்டி உடையும். எனவே, தண்டின் இரு முனைகளிலும் மூட்டு வேண்டும். அந்த மூட்டு எப்பக்கமும் மடங்க வேண்டும். மடங்கிய நிலையிலேயே சுழலவும் வேண்டும்.

இதன் அமைப்பு மிக எளியது. மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்கிறோம். தண்டின் முனையில் அத்தகைய ஓர் இரும்புக் கவை. அதனை எதிர்கொள்ளும் மறுதண்டின் முனையில் இன்னொரு கவை. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும். இவற்றின் நடுவே கூட்டல் குறியைப் போன்ற நான்கு கைகள் கொண்ட எஃகுத் துண்டு ஒன்று உண்டு. அதுவே கிராஸ். அதன் எதிரெதிரான இரு கைகள் ஒரு கவையிலும், மற்ற இரு கைகள் மறு கவையிலும் பொருந்தும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சிறு எஃகுக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்திற்கும் கைக்கும் இடையே தையல் ஊசியின் பருமனுள்ள சிறு உருளைகள் வரிசையாக நின்று உராய்வைக் குறைக்கும்.

இக்கருத்து மோட்டார் வண்டியினும் மிகப் பழையது. கப்பல் எத்துணை ஆடினும் திசைகாட்டி ஆடாதிருக்க, ஒன்றனுள் ஒன்றாக வளையங்களை அமைத்துத் தொங்கவிடும் முறையை முன்னோர் அறிந்திருந்தனர். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயர் அம்முறையோடு சேர்ந்து வழங்கிற்று. இன்றும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இம்மூட்டுக்குக் கார்டான் என்பதே பெயர். சுழற்சியைக் கோணம் மாற்றிச் செலுத்துவதற்கு இதனைப் பயன்படுத்தி, அது குறித்து 1676-இல் எழுதியவர் ஆங்கில விஞ்ஞானி இராபர்ட் ஹூக். வில்லின் விறைப்பைப் பற்றிய விதியால் நீங்கள் அறிந்துள்ள அதே ஹூக்தான் அவர். தொடக்க கால மோட்டார் வண்டிகள் பலவற்றில் சைக்கிளைப் போலச் சங்கிலியே சக்கரத்தை ஓட்டியது. கிளாரன்ஸ் ஸ்பைசர் என்னும் அமெரிக்கர் மோட்டார் வண்டிக்கு ஏற்ற வகையில் மூடியமைத்த மூட்டுக்கு 1903-இல் காப்புரிமை பெற்றார். சங்கிலி மெல்ல மறைந்து சுழல்தண்டு அதன் இடத்தைப் பிடித்தது.

இனி, இம்மூட்டின் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். தண்டு மடங்கிய நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகமும் வெளியே செல்லும் வேகமும் ஒவ்வொரு கணத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு சுற்று முடிய ஒரு சுற்றே முடியும் என்பது உண்மை. ஆனால், அந்த ஒரு சுற்றுக்குள்ளேயே வெளித்தண்டு இரு முறை முந்தி, இரு முறை பிந்துகிறது. எவ்வளவு முந்தும் என்பதை மடிப்புக் கோணத்தின் கொசைன் சொல்லிவிடும். கோணம் 20 பாகையானால் கொசைன் 0.94. ஆகவே, உள்தண்டு நிமிடத்திற்கு 1000 சுற்று எனச் சீராகச் சுழன்றால், வெளித்தண்டின் வேகம் 940-க்கும் 1064-க்கும் இடையே ஊசலாடும். நேர் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழல்கையில், தண்டு நொடிக்கு 50 முறை சுழல்கிறது. இவ்வூசலாட்டமோ நொடிக்கு 100 முறை நிகழ்கிறது. பயணிகள் பல் கிட்டிப் போகும் அளவுக்கு வண்டி அதிர வேண்டாமா?

அதிர்வதில்லை. தண்டின் மறுமுனையில் இருக்கும் இரண்டாவது மூட்டு, முதல் மூட்டு செய்த குழப்பத்தை அப்படியே நேர்செய்துவிடுகிறது. முதல் மூட்டு முந்தும்போது இது பிந்துகிறது. அது பிந்தும்போது இது முந்துகிறது. ஆனால், இதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. இரு மூட்டுகளின் மடிப்புக் கோணமும் சமமாக இருத்தல் வேண்டும். நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் படுத்திருத்தல் வேண்டும். கவைகளில் ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் குழப்பம் தீராது, இரட்டிக்கும். முன்பு 940-க்கும் 1064-க்கும் இடையே ஊசலாடிய வேகம் அப்போது 883-க்கும் 1132-க்கும் இடையே ஊசலாடும். இந்த ஓர் உண்மையை நினைவில் நிறுத்துங்கள். பின்னர்ச் செய்யப்போகும் வேலையில் இதுவே உயிர்நாடி.

இத்தகைய மூட்டு ஏன் தேய்கிறது? சக்கரத்தின் பேரிங்கில் உள்ள குண்டுகள் சுற்றிச் சுற்றி உருளுகின்றன. அதனால் பளு எல்லாப் பக்கமும் பகிர்ந்து விழுகிறது. கிரீசும் எங்கும் பரவுகிறது. கிராஸின் ஊசிகளுக்கு அந்தப் பேறு இல்லை. தண்டு எத்தனை ஆயிரம் சுற்றுச் சுற்றினாலும், கிண்ணத்தினுள் கை முன்னும் பின்னும் சில பாகைகளே அசைகிறது. மடிப்புக் கோணம் 4 பாகையும், கையின் விட்டம் 16 மில்லிமீட்டரும் எனக் கொண்டால், அந்த அசைவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. எனவே, ஊசிகள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்துகின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அவ்வாறு வழுவழுப்பான எஃகில் ஊசிகளின் தடம் வரிவரியாகப் பதிகிறது. கிரீஸ் பிதுங்கி வெளியேறிய இடத்தில் மழைநீரும் புழுதியும் புகுகின்றன. துரு பிறக்கிறது. தண்டு சற்றும் மடங்காமல் நேராக இருந்தாலோ ஊசிகள் அசையவே மாட்டா. அப்போதும் தேய்மானம் மிகும். ஆதலால்தான் வண்டியை வடிவமைப்போர் மூட்டுக்குச் சிறிதளவேனும் கோணம் இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றனர்.

தேயும் மூட்டு முன்னறிவிப்பின்றி முறிவது அரிது. அது முதலில் மெல்லிய குரலில் பேசும். வண்டி மெதுவாக நகரும்போது அடியில் குருவி கத்துவதுபோல் ஒரு கீச்சொலி கேட்கும். வேகம் கூடினால் ஒலியும் விரையும். ஊசிகள் கிரீசின்றி உலர்ந்தன என்பதற்கு அஃது அடையாளம். அடுத்து, கிளச்சை விட்டு வண்டியைக் கிளப்பும்போதும், முன் கியரிலிருந்து பின் கியருக்கு மாற்றும்போதும் 'டக்' என்று ஓர் இடியோசை எழும். இடைவெளி உண்டாகிவிட்டது என்பது அதன் பொருள். இறுதியாக, குறிப்பிட்ட வேகத்தில் இருக்கையும் தரைத்தகடும் நடுங்கும். தண்டின் நடு அச்சு தன் இடத்தை விட்டு விலகிவிட்டது என்று அப்போது அறியலாம்.

ஆயினும் அடியில் எழும் ஒலி எல்லாம் மூட்டின் ஒலி ஆகாது. பகுத்தறிய எளிய வழிகள் உண்டு. வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினை மட்டும் விரைவாக ஓட்டிப் பாருங்கள். ஒலி அப்போதும் வந்தால் குறை எஞ்சின் பக்கத்தில். வராவிட்டால், ஆளில்லாத சமதரையில் ஒருவர் வண்டியை நடைவேகத்தில் ஓட்ட, மற்றொருவர் எட்ட நின்று கேட்க வேண்டும். பின் அச்சில் உள்ள பற்சக்கரங்களின் காரணமாக, சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் தண்டு நான்கு அல்லது ஐந்து முறை சுற்றிவிடும். ஆகவே, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரே முறை ஒலி எழுந்தால் சக்கரத்தையோ பிரேக்கையோ ஐயுற வேண்டும். பல முறை எழுந்தால் சுழல்தண்டை ஐயுற வேண்டும்.

பின்னர்க் கையால் சோதிக்கலாம். வில்லிஸ் ஜீப்பையும் அதன் வழிவந்த பழைய ஜீப்புகளையும் சான்றாகக் கொள்வோம். சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கியரை நடுநிலையில் வைத்துக் கைப்பிரேக்கைத் தளர்த்த வேண்டும். இனி, மூட்டின் ஒரு கவையை ஒரு கையாலும் மறு கவையை மறு கையாலும் பற்றி, ஈரத்துணியை முறுக்குவதுபோல் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். மேலும் கீழுமாக அசைத்தும் பாருங்கள். ஒரு கவை அசைந்து மறு கவை அசையாதிருக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால், மூட்டு தேய்ந்துவிட்டது. இரு கவைகளும் சேர்ந்தே சிறிது திரும்பிப் பின் நின்றால், அது பின் அச்சின் பற்களுக்கு இடையே இயல்பாக உள்ள இடைவெளியே. அதனை மூட்டின் குறையென மயங்கலாகாது. கிண்ணத்தின் விளிம்பில் குங்குமம் போன்ற செந்துகள் படிந்திருந்தால், உள்ளே எஃகு துருவாகிக்கொண்டிருக்கிறது என்பது உறுதி.

இத்தனை அறிகுறிகளையும் பொருட்படுத்தாதவர் எதிர்கொள்ளும் இடர் சிறியதன்று. ஓடும் வண்டியில் பின் மூட்டு முறிந்தால், தண்டு சாட்டையைப் போலச் சுழன்று அடித்தளத்தையும் பிரேக் குழாய்களையும் தாக்கும். முன் மூட்டு முறிந்தால், தண்டின் முன்முனை சாலையில் ஊன்றி வண்டியையே மேலே தூக்கிவிடக் கூடும். இன்னுமொன்று: இந்தப் பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, சுழல்தண்டின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. தண்டு அறுந்தால் கைப்பிரேக்கும் அற்றுப் போகும். மூட்டைக் கழற்றும் வேலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தண்டைக் கழற்றிய கணமே, கியரில் விட்டிருந்தாலும் சரி, கைப்பிரேக்கை இழுத்திருந்தாலும் சரி, வண்டியின் பின்சக்கரங்களைத் தடுப்பார் எவரும் இல்லை. முட்டுக்கட்டை ஒன்றே துணை. வண்டியை உயர்த்த வேண்டியிருந்தால் உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் உடனிருக்க மாணவர்கள் இவ்வேலையில் இறங்குதல் நலம்.

முதல் வேலை, அழுக்கைத் துடைத்து அடையாளமிடுவது. ஜீப்பின் தண்டு ஒரே துண்டு அன்று. பின் அச்சு ஏறி இறங்கும்போது தண்டின் நீளமும் கூடிக் குறைய வேண்டுமாதலால், நீளவாட்டில் பற்கள் வெட்டிய ஒரு பகுதி மற்றொன்றனுள் நுழைந்து வழுக்குமாறு அமைத்திருப்பர். இரு பகுதிகளிலும் அம்புக்குறிகள் பொறித்திருக்கும். குறிகள் தேய்ந்திருந்தால் புதிதாக வண்ணத்தால் கோடிடுங்கள். சாக்குக்கட்டிக் கோடு எண்ணெய்க் கையில் அழிந்துபோகும். பின்னர்த் தண்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூட்டை அச்சோடு பிணைக்கும் யு வடிவப் போல்ட்டுகளின் நட்டுகளைக் கழற்றலாம். விடுபட்ட இரு கிண்ணங்களும் விழுந்து ஊசிகள் சிதறாதபடி நாடாவால் சுற்றிவைப்பது நன்று.

தண்டை மேசைக்குக் கொண்டுவந்தபின், கவையில் கிண்ணங்களைத் தடுத்து நிறுத்தும் சர்க்கிளிப் என்னும் பூட்டுவளையங்களை இடுக்கியால் எடுக்க வேண்டும். துருவேறி அசையாவிட்டால், கிண்ணத்தை உட்புறமாக மெல்லத் தட்டினால் வளையத்தின் மீதுள்ள அழுத்தம் நீங்கும். அடுத்து, வைஸின் ஒரு தாடையில் கிண்ணத்தினும் சிறிய சாக்கெட்டையும், எதிர்த் தாடையில் கிண்ணம் உட்புகத்தக்க பெரிய சாக்கெட்டையும் வைத்து இறுக்கினால், ஒரு பக்கக் கிண்ணம் உள்ளே செல்ல, எதிர்ப்பக்கக் கிண்ணம் வெளியே வரும். திருப்பிவைத்து மற்றதையும் அவ்வாறே எடுக்கலாம். வைஸ் இல்லாதவர் பித்தளைத் துண்டை இடையே வைத்துச் சுத்தியலால் தட்டலாம். கடினமாக்கிய எஃகின் மீது சுத்தியலால் நேரே அடித்தால் சில்லுகள் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

பழைய கிராஸைத் துடைத்து விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். ஊசிகள் பதித்த வரிகள் நகத்தில் தட்டுப்படும். வகுப்பில் உராய்வு என்று படித்ததன் கையெழுத்து அது. பின்னர்க் கவையின் துளைகளைச் சுத்தம் செய்து, பிசிறும் விரிசலும் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். புதிய கிண்ணம் கவைத்துளையில் அழுத்தமின்றிக் கையாலேயே வழுக்கிச் சென்றால் துளை பெருத்துவிட்டது. அந்தக் கவையையே மாற்ற வேண்டும்.

புதிய கிராஸைப் பொருத்துவதில் பொறுமை வேண்டும். கிண்ணங்களினுள் ஊசிகள் கிரீசில் ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றனவா என்று முதலில் காண்க. கிராஸைக் கவையினுள் நுழைத்து, கிரீஸ் நிப்பிள் பின்னர்க் கிரீஸ் கன்னுக்கு எட்டும் பக்கமாக இருக்குமாறு திருப்பி, ஒரு கிண்ணத்தைத் துளையில் தொடங்கிவைத்துக் கிராஸின் கையை அதனுள் செலுத்துங்கள். கை உள்ளே இருந்தால்தான் ஊசிகள் சாயா. எதிர்க் கிண்ணத்தையும் வைத்து வைஸினால் மெல்ல இறுக்கிப் பூட்டுவளையங்களை இடுங்கள். வளையம் தன் பள்ளத்தில் அமராவிட்டால், மேலும் ஓங்கி அடிக்கத் தோன்றும். அதுதான் பெரும்பிழை. பெரும்பாலும் ஊசி ஒன்று சாய்ந்து கிண்ணத்தின் அடியில் குறுக்கே படுத்திருக்கும். பலத்தால் தீராதது பிரித்துப் பார்த்தால் தீரும். முடிந்தபின் கவையின் இரு காதுகளையும் மென்மையாகத் தட்டினால் இறுக்கம் தளரும். கிராஸ் கைவிசைக்குச் சீராக மடங்க வேண்டும். சிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. கிரீசை நான்கு விளிம்புகளிலும் வெளிவரும் வரை செலுத்த வேண்டும்.

தண்டை மீண்டும் மாட்டும்போது அம்புக்குறிகள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று இருமுறை பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி நுழைத்தாலும் இரு கவைகளும் ஒரே தளத்தை விட்டு விலகும். முதல் மூட்டின் ஏற்றத்தாழ்வை இரண்டாவது மூட்டு முழுமையாக ஈடுசெய்யாது. புதிய மூட்டு பொருத்திய பின்னும் வண்டி அதிர்கிறது என்று குறைகூறுவோர், முதலில் இதனையே ஆராய்தல் தகும். நட்டுகளை மாறிமாறிச் சமமாக, வண்டிக் கையேடு கூறும் அளவுக்கு இறுக்கி, மெதுவாக ஓட்டிப் பார்த்து, நிறுத்திய பின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும். தண்டு நெளிந்திருந்தாலோ, சமன்செய்ய அதன்மேல் ஒட்டிய இரும்புத் துண்டு உதிர்ந்திருந்தாலோ வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதனைச் சமன்செய்யும் பொறியுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்வதே அறிவுடைமை.

இன்றைய சிறு கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. அவற்றில் வேகம் ஊசலாடாத வேறுவகை மூட்டுகள் உள்ளன. மின்சார வண்டிகள் பலவற்றில் மோட்டாரே அச்சின் அருகில் அமர்ந்திருப்பதால் நீண்ட தண்டுக்கு இடமில்லை. எனினும், சுமை ஏற்றும் லாரியிலும், மலையேறும் ஜீப்பிலும், பல வண்டிகளின் ஸ்டியரிங் தண்டிலும் ஹூக் எழுதிய அதே மூட்டு இன்றும் உழைக்கிறது.

பட்டறையில் தொழில் பழகும் சிறுவனிடம், குறிகளை நேராக வைத்து மாட்டு என்று சொல்வார்கள். ஏன் என்று சொல்பவர் அரியர். கல்லூரி மாணவனுக்குக் கொசைனின் மதிப்பைக் கற்பிக்கிறார்கள். அஃது எந்த இரும்பில் குடியிருக்கிறது என்று காட்டுபவர் அரியர். காரணம் அறியாத கை, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டு அதிர்வுக்கு விதியை நோகும். கை படாத கணக்கோ தேர்வுத் தாளோடு மறந்துபோகும். இரண்டும் ஒருவரிடம் சேருமானால், வண்டியின் அடியில் எழும் ஒரு மெல்லிய கீச்சொலி கேட்டவுடனேயே அதன் பொருள் அவருக்கு விளங்கிவிடும். அவர் வண்டியை நிறுத்தி, முட்டுக்கட்டையை வைத்து, கைச்சட்டையை மடித்துக்கொள்வார்.